ஓய்வுநாட் பாடசாலையும் ஓய்வில்லா மார்கழியும்

கிறிஸ்தவ சபைகளிலே ஞாயிறுதோறும் சிறுவரைக் கூட்டிவைத்து வேதபாடம் புகட்டும் இடத்துக்கு ஓய்வுநாட் பாடசாலை என்று நம் முன்னோர் பெயரிட்டனர். ஞாயிறு பாடசாலை என்பாரும் உளர். கத்தோலிக்கர் மறைக்கல்வி என்பர். எனக்கு உவப்பானது ஓய்வுநாட் பாடசாலை என்னும் பெயரே. ஆயின் மார்கழி பிறந்ததும் அப்பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்துவோரைப் பாருங்கள். ஓய்வு என்னுஞ் சொல் அவர்தம் அகராதியிலிருந்து கழன்று போய்விடுகின்றது. ஒளிவிழா, கரோல், பாலன் குடில், பரிசளிப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் வேலைகளைச் சுமந்து, நத்தார்க் காலை ஆராதனையிலே கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் மாட்டாது சோர்ந்திருக்கும் ஆசிரியர்களை ஆண்டுதோறும் காண்கின்றேன். வாரநாளிலே பிராசீன பாடசாலையொன்றிற் பண்டித வகுப்புக்கு இலக்கணஞ் சொல்வதும், ஞாயிறு காலையிற் சிறுவர்க்கு வேதக்கதை சொல்வதுமாக இருபது ஆண்டுக்கு மேற் கழித்தவன் யான். ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூற எனக்கு உரிமையுண்டு என்று எண்ணுகின்றேன்.

நான் அறிந்தவரை, யாழ்ப்பாணத்திலே ஓய்வுநாட் பாடசாலைக்குத் தலைமை தாங்குவோர் பெரும்பாலும் பெண்கள். அவருள்ளும் பெரும்பாலார் பள்ளிக்கூட ஆசிரியைகள். மூன்றாந் தவணைப் பரீட்சையின் விடைத்தாட் கட்டு அவர்கள் மேசையில் இருக்கும். முன்னேற்ற அறிக்கை எழுதி முடிந்திராது. வெளியிலே மழை, கொடியிற் போட்ட துணி மூன்று நாளாகியும் உலராது. வீட்டிலே பயற்றம்பணியாரத்துக்குப் பயறு வறுக்க வேண்டும். கேக்குக்குப் பழவற்றல் வெட்ட வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே இராக்காலத்திற் கரோல் சுற்று. சபையார் வீடு ஒவ்வொன்றுக்குஞ் சென்று பாட வேண்டும். ஒரு வீடு தவறினால் அவ்வீட்டார் தை மாதம் முடியுமட்டும் முகங்கொடார். நனைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், மழையையோ கரோற் குழுவையோ யாரும் நோவதில்லை, தலைவியைத்தான் நோவர். இத்தனைக்கும் அப்பணிக்குச் சம்பளம் இல்லை. ஆண்டிறுதியிலே ஒரு பூச்செண்டும், ‘அயராது உழைத்த’ என்று தொடங்கும் நன்றியுரையும் உண்டு. அயராது உழைத்தார் என்பது அங்கே உபசாரமாகச் சொல்லப்படுகின்றது. அயர்ந்துபோனார் என்பதுதான் உண்மை. அடுத்த ஆண்டு அவர் அப்பொறுப்பை விட்டு விலகியதன்பின் அவ்வுண்மை சபைக்குத் தெரியவரும்.

இவ்விடருக்குக் காரணம் பண்டிகை என்று பலரும் சொல்லிவிடுகின்றனர். நான் அதற்கு உடன்படேன். பண்டிகை எவரையும் வருத்துவதில்லை, வருத்துவது மேடை. ஒளிவிழா என்னும் அழகிய தமிழ்ப்பெயரைத் தாங்கி, சிறுவர் பாடவும் நடிக்கவும் மனனஞ் செய்த வசனங்களை ஒப்புவிக்கவும் ஏற்பட்ட ஒரு மாலைப்பொழுது, இக்காலத்திலே பெரியோர் கண்டு களிக்கும் ஒரு காட்சியாக வளர்ந்துவிட்டது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் விடுமுறைக்கு வருகின்றனர். வாராதார்க்கு நேரலையில் அனுப்ப வேண்டும். ஆகவே ஒளியமைப்பு, ஒலிபெருக்கி, கமரா, றெஜிபோமில் வெட்டிய பெத்லகேம் நகரம். சம்மனசுகளுக்கு ஒரேவகைத் துணியிற் சட்டை. அத்துணி இன்ன கடையில் இன்ன விலைக்கு உண்டு என்று வட்ஸ்அப்பில் அறிவிப்பு. சட்டைக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை என் செய்யும்? அது பணமில்லையென்று சொல்வதில்லை. ஒத்திகைக்கு வாராது நின்றுவிடும். “பிள்ளைக்குச் சுகமில்லை” என்று தாய் சொல்லுவாள். மாட்டுத்தொழுவத்திலே பிறந்த ஒருவருடைய பிறந்தநாளுக்கு, உடையில்லாத காரணத்தால் ஒரு பிள்ளை வாராது போயிற்றென்றால், அந்த விழாவை எவ்வளவு ஒளிபெறச் செய்தால் என்ன?

மரியாள் வேடம் யாருக்கு என்பதில் எழும் வழக்கை இங்கு விரிக்க விரும்புகிலேன். சபைதோறும் நிகழ்வதாதலின் வாசகர் அறிவர். சுவிசேஷத்திற் சாஸ்திரிகள் மூவர் என்ற தொகையே இல்லை. ஆகவே கேட்கும் பிள்ளைகளையெல்லாம் சாஸ்திரிகளாக்கி விடுங்கள் என்று தலைவியொருவருக்கு ஒருமுறை யோசனை சொன்னேன். அவ்வாண்டு அங்கே ஒன்பது சாஸ்திரிகள் கிழக்கிலிருந்து வந்தனர். வேதத்துக்கு ஓர் இழுக்கும் நேரவில்லை.

ஓய்வுநாட் பாடசாலை தோன்றிய வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் தகும். இங்கிலாந்திலே குளொஸ்டர் நகரிற் பத்திரிகை நடத்திய றொபேட் றெயிக்ஸ் என்பவர் 1780 ஆம் ஆண்டளவில் இம்முயற்சியைத் தொடங்கினார். வாரநாளெல்லாம் தொழிற்சாலையிலே வேலைசெய்த ஏழைப்பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஒழிந்த நாள். அந்நாளில் அவர்களுக்கு எழுத்தறிவும் வேதமும் புகட்டுவதே அவர் நோக்கம். உழைத்துக் களைத்த குழந்தைக்காக ஏற்பட்டது அப்பாடசாலை. அது குழந்தையையும் ஆசிரியரையும் களைக்கச் செய்யும் நிலையமாவது முறையன்று.

நம் யாழ்ப்பாணத்துக்கு 1816 ஆம் ஆண்டு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விப்பணி செய்த அமெரிக்க மிசனரிமாரை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வழிவந்த நியூ இங்கிலாந்துச் சபைமரபிலே கிறிஸ்மஸ் பெருவிழாவாகக் கொள்ளப்பட்டதன்று. மசசூசெற்ஸ் குடியேற்றத்திலே 1659 இல் அதனைக் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டமே இருந்தது. அச்சட்டம் 1681 இல் நீக்கப்பட்டது. அங்கு அது பொதுவிடுமுறை நாளானது 1856 இலேதான். அவர்கள் செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. விழாவில்லாத வாழ்வு உப்பில்லாத கஞ்சி. ஒளிவிழா இன்றேற் சிறுவர் ஊழியம் இல்லை என்று பேசுவோர், ஒளிவிழாவைக் காணாத ஒரு மரபே நம் பழைய பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்கு வித்திட்டது என்பதை அறிந்திருத்தல் நன்று என்பதே என் கருத்து.

விழாவை எளிமையாகச் செய்தவர்களும் உண்டு. இத்தாலியிலே கிறெச்சியோ என்னும் மலையூரில், 1223 ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, அசிசிப் பிரான்சிஸ் வைக்கோல் நிறைந்த ஒரு தொட்டியையும், ஓர் எருதையும், ஒரு கழுதையையும் கொண்டு பாலன் குடில் அமைத்தார். ஊரார் தீவர்த்தி ஏந்தி வந்து கண்டனர். பாலன் குடில் உலகெங்கும் பரவியதற்கு அந்த இரவு பெருங்காரணம் என்பர். அங்கே ஒத்திகை நடந்ததாக நான் படித்ததில்லை. நத்தார் என்னுஞ் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. அது நத்தால் என்னும் போர்த்துக்கேயச் சொல் நம் நாவிலே தேய்ந்து நின்ற வடிவம். பிறப்பு என்பதே அதன் பொருள். பிள்ளை பிறந்த வீட்டிலே இரைச்சல் ஆகாது என்பது நம் கிழவிமார் எல்லாரும் அறிந்த விதி.

இலக்கண ஆசிரியனாகிய எனக்கு இவ்விடத்திற் பவணந்தி முனிவர் துணைநிற்கின்றார். நன்னூற் பொதுப்பாயிரத்திலே பாடஞ்சொல்லும் முறைமையைக் கூறவந்த அவர், காலமும் இடமும் தெரிதல், சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல், முகமலர்ச்சி, மாணாக்கன் கொள்ளும் வகை அறிதல் என்பனவற்றோடு, விரையாமை, வெகுளாமை என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். அவற்றுள்ளும் விரையாமையை முன்னே வைத்தார். வைப்புமுறைக்கும் காரணம் உண்டு என்று உரைகாரர் வழிநின்று நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அவசரம் தாய்; கோபம் அதன் பிள்ளை. நவம்பர் மாதம் முழுவதும் ஒரு பிள்ளையையேனும் கடிந்து பேசாத ஆசிரியை, ஒளிவிழாவுக்கு மூன்று நாள் இருக்க, வசனத்தை மறந்த ஆறு வயதுச் சிறுமியை எல்லார் முன்னும் உறுக்கி அழவைத்ததைக் கண்டிருக்கின்றேன். அவ்வாசிரியையின் குணம் கெட்டதன்று. அவருக்கு நேரம் கெட்டது. அன்பின் பிறப்பைச் சொல்லிக் கொடுக்கும் வாயிலிருந்து அச்சொல் வந்தது என்பதை அச்சிறுமி மறப்பாளோ, மறவாளோ, நான் அறியேன்.

விரைவினால் வரும் இழப்பு இதனினும் பெரிது. விரைகின்ற ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. பண்டிகைக் காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சிக் காலம் என்று எண்ணுகின்றோம். இந்நாட்டிலே அப்படி எண்ணுவதற்கு இடமில்லை. 2004 ஆம் ஆண்டு நத்தார் ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தது. நத்தார் உடையின் மடிப்புக் கலையாத குழந்தைகளைக் கடல் கொண்டது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தபோது, ஓய்வுநாட் பாடசாலை வகுப்பை முடித்து வெளியே நின்ற சிறுவர் பலர் மாண்டனர். அச்சிறுவரோடு படித்தவர்கள், அச்சிறுவருக்குப் படிப்பித்தவர்கள், இன்றும் உளர். அவர்களுக்கு உயிர்த்த ஞாயிறு வருந்தோறும் என்ன வருகின்றது என்பதைப் புறத்தே நிற்கும் நாம் அளந்து சொல்ல இயலாது. விழாவும் இழவும் ஒரே நாளில் வந்து நிற்கும் வீடுகள் நம்மிடையே பல.

அத்துணைப் பெருந்துயர் அன்றாயினும், சிறு துயர்களும் உண்டு. எங்கள் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். அவன் தாய் வளைகுடா நாடொன்றிலே வீட்டுவேலைக்குச் சென்றிருந்தாள். யோசேப்பும் மரியாளும் குடிமதிப்பு எழுதுவதற்காக ஊர்விட்டுப் பெத்லகேமுக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “திரும்பி வர எவ்வளவு நாள் ஆச்சுது, சேர்?” என்று அவன் கேட்டான். அவர்கள் பிள்ளையோடு எகிப்துக்கும் போய், பின்னர்த்தான் நாசரேத்துக்குத் திரும்பினார்கள் என்றேன். “ஆனால் வந்தவை தானே?” என்றான். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை. அவன் தாயைப் பற்றியே வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். அன்று ஒத்திகை நாளாயிருந்திருப்பின் அக்கேள்விக்கு இடம் இருந்திராது. அவன் கையில் இடையன் கோலைக் கொடுத்து, இடப்பக்கம் போய் நில் என்று சொல்லியிருப்போம்.

ஆகவேதான் எங்கள் ஓய்வுநாட் பாடசாலையிற் சில ஆண்டுகளுக்கு முன் சில மாற்றங்களைச் செய்தோம். முதன்மையானது ஒளிவிழாவை நத்தாருக்குப் பின்னே தள்ளியது. திருச்சபைப் பஞ்சாங்கத்திலே நத்தார் ஒருநாள் விழாவன்று. அதற்கு முன் நாலு ஞாயிறுகள் ஆயத்தத்துக்கு உண்டு. அதற்குப் பின் தை மாதம் ஆறாந் தேதி வரும் சாஸ்திரிகள் திருநாள்வரை பன்னிரண்டு நாள் கொண்டாட்டம் உண்டு. நாமோ ஆயத்த நாலு வாரத்தையும் கொண்டாட்டத்தால் நிரப்பிவிட்டு, கொண்டாட வேண்டிய பன்னிரண்டு நாளையும் களைப்பால் நிரப்புகின்றோம். மார்கழி முதலாம் வாரத்திலேயே ஒளிவிழா முடித்த இடங்களும் உண்டு. பிள்ளை பிறக்குமுன் தொட்டிலாட்டு! பள்ளிக்கூட வேலைகள் ஓய்ந்து, பலகாரமும் சுட்டு முடிந்து, மனம் அமைதியான அந்தப் பன்னிரண்டு நாளில் விழாவை வைத்தபோது, ஆசிரியர் முகத்திலே மலர்ச்சி கண்டேன்.

இதற்கு எதிர்ப்பு எழாமலில்லை. “கலியாணம் முடிந்தபின் மேளமோ?” என்று முதியவர் ஒருவர் கேட்டார். “நாலாஞ்சடங்கு கலியாணத்துக்குப் பின்தானே, ஐயா?” என்றேன். வெளிநாட்டு உறவினர் அதற்குள் திரும்பிவிடுவரே என்ற தடையும் வந்தது. அது உண்மை. சிலர் காணாமலே போயினர். அதனால் விழா குறைவுபடவில்லை. காண்பாருக்காகவே பிள்ளைகள் நடிக்கின்றார்கள் என்றால் அத்தடைக்கு வலிமையுண்டு. பிள்ளைகளுக்காகவே விழா என்றால் இல்லை.

உடையும் மாறிற்று. தகப்பனுடைய வெள்ளைச் சட்டை சம்மனசுக்குப் போதும். சால்வை இடையனுக்குப் போதும். மரியாளுக்குத் தாயின் சேலைத்துண்டு. வீட்டில் இல்லாத எதுவும் மேடைக்கு வரலாகாது என்று விதித்தோம். றெஜிபோம் பெத்லகேம் ஒழிந்தது. ஒத்திகை மூன்றே. மூன்றிற் படியாத வசனம் பிள்ளைக்கு ஏற்ற வசனமன்று. அதனைச் சுருக்குவது எழுதுவோன் கடன். நாடகத்தை எழுதுவோன் பெரும்பாலும் நானாதலின், என் செந்தமிழ் அடுக்குகள் பலவற்றை இரக்கமின்றி வெட்டினேன். கரோல் சுற்றை இளைஞரிடம் முழுவதும் ஒப்படைத்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை நோக்கியிருப்போருக்கு இரவில் நடப்பதும் பாடுவதும் பெருமகிழ்ச்சி. சிறுவர் தத்தம் ஒழுங்கையில் மாத்திரம், பொழுதுபடுமுன் பாடுவர்.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. யாழ்ப்பாணத்திலே பின்னாளிற் பேரெடுத்த பேச்சாளர் எத்தனையோ பேருக்குக் கால் நடுங்காமல் நிற்கக் கற்றுக்கொடுத்தது இந்தச் சிறு மேடைதான். தமிழுக்கு அது செய்த நன்மையை ஒரு தமிழாசிரியன் மறுத்துரைத்தல் நன்றியன்று. மேடை பிள்ளையின் உயரத்துக்கு இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, தலைவியரைப் பற்றி ஒன்று. அவர்கள் பண்டிகைக் காலத்திலே ஆராதனையில் இருப்பதேயில்லை. மற்றையோர் பாடும்போது அவர்கள் மேடைக்குப் பின்னே குத்தூசியும் கையுமாய் நிற்பர். மற்றையோர் பிரசங்கங் கேட்கும்போது அழும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பர். லூக்கா சுவிசேஷத்திலே மார்த்தாள் பற்பல வேலையால் வருத்தமுற்று முறையிட்டபோது ஆண்டவர் கூறிய மறுமொழியைப் போதகர்மார் பிரசங்கஞ் செய்வர். அதே நாளில் தேநீர் வார்க்கும் பொறுப்பை மார்த்தாள்மாரிடமே கொடுப்பர். மரியாளைப்போல் இருங்கள் என்று சொன்னாற் போதாது. மார்த்தாள் இருந்துவிட்டால் அடுப்பைப் பார்ப்பது யார் என்றுஞ் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் நத்தார்க் காலை ஆராதனையின்போது சிறுவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் எவருக்கும் இல்லை என்று தீர்மானித்துள்ளோம். சபைக்குழுவினராகிய ஆண்கள் அதனை முறைவைத்துச் செய்கின்றனர். முதலாண்டு அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு சிறுவர் சிரித்தனர். இரண்டாம் ஆண்டு, குழுவின் தனாதிகாரி மடியில் ஒரு குழந்தை உறங்கிற்று. தலைவி மூன்றாம் வாங்கிலே, கைப்பையைக் கூடத் திறவாமல், பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார்.